முகப்புப் பக்கத்தைத் தேடி யாரும் வருவதில்லை

கேள்வியின் சாரம் இது. ஒரு கலை பண்பாட்டு அமைப்பு இசை, நாட்டிய வகுப்புகள் நடத்துகிறது. ஆண்டுக்கு ஒரு விழா, அவ்வப்போது கருத்தரங்கு. புதிய இணையதளம் கட்டி முடித்தாயிற்று. ஆனால் அதைப் பார்ப்பவர்கள் உறுப்பினர்களும் அவர்களது உறவினர்களும்தான். ‘ஐந்நூறு இணைய அடைவுகளில் உங்கள் தளத்தைச் சேர்த்து, கூகுளில் முதலிடம் பிடித்துத் தருகிறோம்’ என்று ஒரு நிறுவனம் கட்டணம் கேட்கிறது. (அடைவு என்பது தளங்களின் பெயரையும் முகவரியையும் பட்டியலிடும் தளம்.) கொடுக்கலாமா, அல்லது அதே பணத்தை ஃபேஸ்புக் விளம்பரத்தில் போடலாமா?

நிறுவனத்துக்குக் கொடுக்காதீர்கள். முதலிடம் உறுதி என்பவர் தம் கையில் இல்லாத பொருளை விற்கிறார். கூகுளே தன் உதவிப் பக்கத்தில், முதலிடத்துக்கு எவராலும் உத்தரவாதம் தர முடியாது என்று எழுதி வைத்திருக்கிறது. அடைவுகளுக்கு மவுசு வந்த கதையும் போன கதையும் சுருக்கமானவை. 1998-இல் தொடங்கிய கூகுள், ஒரு பக்கத்தை வேறு எந்தெந்தப் பக்கங்கள் சுட்டுகின்றன என்பதை வைத்து அதன் மதிப்பை அளந்தது. உடனே சுட்டிகளை, அதாவது லிங்குகளை, உற்பத்தி செய்வதே ஒரு தொழிலாகிவிட்டது. மனிதர் எவரும் படிக்காத அடைவுகள் ஆயிரக்கணக்கில் முளைத்தன. 2012 ஏப்ரலில் கூகுளின் தரவரிசை முறையில் பெங்குவின் என்ற பெயரில் வந்த மாற்றம் இத்தகைய செயற்கைச் சுட்டிகளைத்தான் குறிவைத்தது. இன்று அவை பெரும்பாலும் கணக்கில் சேர்வதே இல்லை; அளவு மீறினால் உங்கள் தளத்துக்கே பாதகமாக முடியும். பக்கத்தில் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாத தலைப்பகுதியில் நூறு குறிச்சொற்களைத் திணித்துத் தருவதாகவும் சொல்வார்கள். அந்தக் குறிச்சொற்களைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009-லேயே அறிவித்துவிட்டது. காலாவதியான மருந்தை இன்னும் புட்டியில் அடைத்து விற்கிறார்கள்.

விளம்பரத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன், தேடுபொறிக்கு உங்கள் தளம் தெரியுமா என்று பாருங்கள். கூகுள் சர்ச் கன்சோல் என்ற இலவசச் சேவையில் தளத்தைப் பதிவு செய்து, உரிமையாளர் நீங்கள்தான் என்று நிறுவினால், எந்தப் பக்கங்கள் சேர்க்கப்பட்டுள்ளன, எவை விடுபட்டன, விடுபட்டதற்குக் காரணம் என்ன என்பதெல்லாம் தெரியும். தளம் கட்ட உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளில் கட்டிய தளமானால் அமைப்புகளில் ‘வாசித்தல்’ பகுதியைத் திறந்து பாருங்கள். தேடுபொறிகள் இத்தளத்தைச் சேர்க்க வேண்டாம் என்று சொல்லும் ஒரு சின்னப் பெட்டி அங்கே இருக்கும். தளம் கட்டும்போது அதில் டிக் அடித்து வைப்பார்கள்; திறப்பு விழா முடிந்த பிறகும் அது அப்படியே கிடக்கும். எந்த விளம்பரத்தாலும் சரிசெய்ய முடியாத கோளாறு இது. சரிசெய்ய ஒரு சொடுக்கு போதும்.

தமிழ்த் தளங்களுக்கே உரிய இன்னொரு கோளாறும் உண்டு. பழைய விழா மலர்களையும் கட்டுரைகளையும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்து வைத்திருக்கும் அமைப்புகள் ஏராளம். திரையில் அவை தமிழாகத் தெரியும். உள்ளே இருப்பதோ பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல். தேடுபொறி அந்தக் குவியலைத்தான் படிக்கிறது. இப்படிப்பட்ட ஆக்கங்களை ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றிய பின் ஒருவர் உட்கார்ந்து பிழை திருத்த வேண்டும், அவ்வளவுதான். மலர் முழுவதையும் ஒளிப்படமாக எடுத்து ஒரே பிடிஎஃப் கோப்பாக ஏற்றி வைத்திருந்தாலும் ஏறக்குறைய இதே கதிதான். அதன் நடுப்பக்கத்தில் இருக்கும் அருமையான கட்டுரை தேடலில் அகப்படும் என்று நம்பியிருக்க முடியாது. அகப்பட்டாலும் கைப்பேசியில் அதைப் பெரிதாக்கிப் படிக்கும் பொறுமை எத்தனை பேருக்கு இருக்கும்?

சொல்ல வந்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பெரும்பாலான அமைப்புகள் தங்கள் தளத்தை விளம்பரப்படுத்துவது என்றால் முகப்புப் பக்கத்தின் முகவரியை எல்லா இடத்திலும் ஒட்டுவது என்று நினைக்கின்றன. உங்கள் அமைப்பின் பெயரை ஏற்கெனவே அறிந்தவர்தான் அந்தப் பெயரை இட்டுத் தேடுவார். மற்றவர்களுக்கு நீங்கள் யார் என்பதே தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆவலும் இல்லை. அவர்கள் மனத்தில் வேறொரு கேள்வி இருக்கிறது. நாற்பது வயதில் புல்லாங்குழல் கற்கத் தொடங்கலாமா? குழந்தையை நாட்டிய வகுப்பில் எந்த வயதில் சேர்ப்பது? நேற்று கேட்ட அந்தப் பாட்டு என்ன ராகம்? ஞாயிற்றுக்கிழமை மாலை குடும்பத்தோடு போய்ப் பார்க்கும்படி ஏதாவது நிகழ்ச்சி உண்டா? இந்தக் கேள்விகளுக்கு உங்கள் உறுப்பினர்களிடம் பதில் இருக்கிறது. தளத்தில் இல்லை. தளத்தில் இருப்பது தலைவர் உரை, செயற்குழுப் படம், நோக்கமும் இலக்கும்.

ஆகவே மக்களை அழைக்க வேண்டியது தனித்தனிப் பக்கங்களுக்கு. ஒவ்வொரு பக்கமும் ஒரு கேள்விக்கு முழுமையான விடையாக இருக்க வேண்டும். வெளியிலிருந்து நேராக அதற்குள் நுழையும் அந்நியருக்கு, இது யாருடைய தளம், அடுத்து என்ன செய்யலாம் என்பது அங்கேயே விளங்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. ‘எங்கள் வகுப்புகள்’ என்று ஒரு பக்கம். ‘தகுதி வாய்ந்த ஆசிரியர்களால் பல்வேறு கலைகள் சிறந்த முறையில் பயிற்றுவிக்கப்படுகின்றன. விவரங்களுக்குத் தொடர்புகொள்க.’ அத்துடன் முடிந்தது. இதை உடைத்து, ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு பக்கம் போடுங்கள். தலைப்பு: ‘பெரியவர்களுக்கான புல்லாங்குழல் வகுப்பு – தொடக்க நிலை, ஞாயிறு காலை’. அடியில், முன் அனுபவம் தேவையா, கருவியை நாமே வாங்கி வர வேண்டுமா, வாங்குவதானால் எந்தச் சுருதி, ஒரு தொகுதியில் எத்தனை பேர், முதல் மூன்று மாதத்தில் எதுவரை போகும், கட்டணம் எவ்வளவு, ஒரு வகுப்பைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாமா. தொலைபேசியில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்தாம் இவை. வகுப்புப் பொறுப்பாளரை உட்காரவைத்து, அவர் வாயால் சொல்வதை அப்படியே எழுதி எடுத்தால் பக்கம் தயார். கட்டணத்தை மறைக்காதீர்கள். விலை தெரியாத இடத்துக்குப் போன் செய்யக் கூச்சப்படுபவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம்.

பக்கத்தின் தலைப்புக்கு நேரம் செலவிடுங்கள். தேடல் முடிவில் நீலநிறத்தில் தெரிவது பெரும்பாலும் அதுதான். ‘முகப்பு’, ‘வரவேற்கிறோம்’, ‘அழைப்பிதழ்’ என்ற தலைப்புகளுடன் பக்கங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கை துறுதுறுக்கும். எதற்கான அழைப்பிதழ், யார் பாடுகிறார், எப்போது என்று பக்கத்தின் பெயரே சொல்ல வேண்டாமா?

நிகழ்ச்சிப் பக்கங்கள் தனியாகப் பேச வேண்டியவை. பண்பாட்டு அமைப்புகள் தங்கள் உழைப்பை மிக அதிகமாக வீணடிப்பது இங்கேதான். வழக்கமாக நடப்பது இது: அச்சுக்குப் போன அழைப்பிதழின் படத்தைத் தளத்தில் ஏற்றுவார்கள். எழுத்தாக ஒரு வரிகூட இருக்காது. பார்வையற்றவர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் அதன்முன் ஊமையாகிவிடும். தேடுபொறி படத்திலிருக்கும் எழுத்தைப் படித்துப் புரிந்துகொள்ளும் என்று நம்பியிருக்க முடியாது. நிகழ்ச்சி முடிந்த மறுவாரம் அந்தப் பக்கத்தையே நீக்கிவிட்டு, அடுத்த அழைப்பிதழை அதே இடத்தில் வைப்பார்கள். அதற்குள் யாரோ ஒருவர் அந்தப் பக்கத்துக்குச் சுட்டி கொடுத்திருந்தால் அதுவும் அறுந்துபோகும்.

இதற்கு மாற்றாக, ஆண்டு விழாவுக்கு என்றென்றைக்கும் மாறாத ஒரு முகவரி வையுங்கள். ஆண்டு எண் அதில் இருக்கக் கூடாது. இந்த ஆண்டின் விவரம் அங்கே மேலே நிற்கும். விழா முடிந்ததும் அந்த ஆண்டுக்கான தனிப் பக்கத்துக்கு விவரங்களை நகர்த்தி, நிரந்தரப் பக்கத்திலிருந்து அதற்குச் சுட்டி கொடுங்கள். ஐந்தாறு விழாக்கள் ஆன பிறகு உங்கள் கையில் ஒரு வரலாறே இருக்கும்; வெளியிலிருந்து வந்த சுட்டிகள் அனைத்தும் ஒரே முகவரியில் சேர்ந்திருக்கும். அடுத்த விழாவின் தேதி முடிவாகாத மாதங்களிலும் அந்தப் பக்கம் உயிரோடு இருக்கும். ‘தேதி அறிவிக்கப்பட்டதும் தெரிவிக்கிறோம், மின்னஞ்சலைக் கொடுங்கள்’ என்று ஒரு வரி போதும்.

முடிந்த நிகழ்ச்சியின் பக்கத்துக்கு மதிப்பு கூடுமே தவிரக் குறையாது. கச்சேரியில் பாடப்பட்ட உருப்படிகள், ராகம், தாளம், இயற்றியவர், பக்கவாத்தியக் கலைஞர்கள் என்று ஒரு பட்டியலை எழுத்தில் போடுங்கள். நாடகமானால் நடித்தவர்கள், ஒளியமைப்பு, இசை, எத்தனையாவது மேடையேற்றம். இரண்டு மூன்று நல்ல படங்கள், ஒவ்வொன்றின் கீழும் யார், எப்போது. ஒரு கலைஞரைப் பற்றிப் பத்தாண்டு கழித்து எழுத வரும் ஆய்வு மாணவருக்கு வேறெங்கும் கிடைக்காத தகவல் இது. அவர் கட்டுரையில் உங்கள் பக்கம் மேற்கோளாகும். ஐந்நூறு அடைவுகள் சேர்ந்தாலும் தராத சுட்டி அது.

தொழில்நுட்பம் தெரிந்த தொண்டர் யாராவது இருந்தால் இன்னொரு வேலையும் கொடுங்கள். கூகுள், பிங், யாகூ மூன்றும் சேர்ந்து 2011-இல் ஸ்கீமா என்ற பொதுக் குறிமுறையைத் தொடங்கின. நிகழ்ச்சியின் பெயர், தொடங்கும் நேரம், இடம், டிக்கெட் விவரம் ஆகியவற்றை அந்த முறையில் பக்கத்துக்குள் பொதித்து வைத்தால், இது ஒரு நிகழ்ச்சி என்று தேடுபொறிக்குத் தெளிவாகிவிடும். ஒத்திவைக்கப்பட்டது, ரத்தானது என்று குறிக்கவும் அதில் வழி இருக்கிறது. நிகழ்ச்சி ஒத்திப்போனால் பக்கத்தை அழிக்காமல் நிலையை மட்டும் மாற்றுங்கள். மழையில் நனைந்து வந்து பூட்டிய அரங்கைப் பார்த்த ரசிகர் மறுமுறை வரமாட்டார்.

அடுத்து, பகிர்வு. இன்று ஒரு நிகழ்ச்சிச் செய்தி பரவுவது பெரும்பாலும் வாட்ஸ்அப் வழியாக. அங்கே என்ன நடக்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? அழைப்பிதழ் படம் மட்டும் குழு குழுவாகப் பயணம் செய்கிறது. படத்தின் மூலையில் தள முகவரி பொடி எழுத்தில் இருக்கிறது. அதைத் தொட்டால் எதுவும் திறக்காது. படம் ஆயிரம் பேரைச் சென்றடைந்தாலும் தளத்துக்கு ஒருவரும் வந்து சேர்வதில்லை. நேரம் மாறினால் பழைய படம்தான் தொடர்ந்து சுற்றிக்கொண்டிருக்கும். சுட்டியை அனுப்பினால் நிலைமை வேறு: பக்கத்தைத் திருத்தியதும், ஏற்கெனவே சுட்டியைப் பெற்றவர் அதைத் திறக்கும்போது புதிய நேரத்தைத்தான் பார்ப்பார்.

ஆனால் வெறும் சுட்டியை யாரும் தொடமாட்டார்கள்; அதனுடன் ஒரு படமும் தலைப்பும் தெரிய வேண்டும். அதற்காகத்தான் 2010-இல் ஃபேஸ்புக் கொண்டுவந்த ஓப்பன் கிராஃப் என்ற குறிமுறை இருக்கிறது. வாட்ஸ்அப்பும் அதையே படிக்கிறது. ஒவ்வொரு பக்கத்துக்கும் 1200க்கு 630 பிக்சல் அளவில் ஒரு படம் ஏற்றி, தலைப்பும் ஒருவரி விளக்கமும் கொடுத்துவிட்டால் சுட்டி அனுப்பியதும் அவை அட்டைபோல் விரியும். படம் கனமாக இருந்தால் சில நேரம் வராமல் போகும், சுருக்கி ஏற்றுங்கள். அதில் அழைப்பிதழையே திணிக்க வேண்டாம். நாற்பது பெயர்கள் கொண்ட அழைப்பிதழைக் கைப்பேசியின் குறுந்திரையில் பார்த்தால் எறும்பு ஊர்வதுபோல் இருக்கும். ஒரு கலைஞரின் முகம், தேதி, இடம் போதும். வாழ்த்துரை வழங்குபவர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்ற அச்சம் எனக்கும் தெரியும். அவர்கள் பெயர்களை உள்ளே பக்கத்தில் பெரிதாகவே போடலாம்.

முகவரியிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பக்கத்தின் தலைப்பைத் தமிழில் கொடுத்தால் பல மென்பொருள்கள் முகவரியையும் தமிழிலேயே அமைத்துவிடுகின்றன. உலாவியில் அது அழகாகத் தெரியும். நகலெடுத்து ஒட்டும்போதுதான் வினை. ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் கணினிக்குள் மூன்று பைட், அதாவது மூன்று சேமிப்பு அலகு. ஒவ்வொரு பைட்டும் ஒரு விழுக்காட்டுக் குறியும் இரண்டு எழுத்தெண்களுமாக மாறும். புள்ளியும் துணைக்குறியும் தனித்தனியே எண்ணப்படுவதால், ‘நாட்டியம்’ என்ற ஐந்தெழுத்துச் சொல்லுக்குள் ஒன்பது குறியீடுகள் இருக்கின்றன. முகவரியில் அது 81 எழுத்துகளாகப் பெருகும். முழுத்தலைப்பும் இப்படி விரிந்தால் பத்து வரிக்குப் போகும். வைரஸ் ஏதோ வந்திருக்கிறது என்று பெரியவர்கள் அழித்துவிடுவார்கள். தலைப்பும் உள்ளடக்கமும் தமிழில் இருக்கட்டும். முகவரியை மட்டும் குறுகிய ரோமன் எழுத்தில் வைத்துக்கொள்வது நடைமுறைக்கு நல்லது. அச்சிட்ட அழைப்பிதழிலும் அது சின்னதாக அடங்கும். அதன் அருகே ஒரு கியூஆர் குறியும் போட்டுவிடலாம்.

வாட்ஸ்அப்பில் ‘இதை எல்லோருக்கும் அனுப்புங்கள்’ என்று கெஞ்சுவதால் பயன் குறைவு. 2019 முதல் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் முன்னனுப்ப (ஃபார்வர்டு செய்ய) முடியாது. பலமுறை முன்னனுப்பப்பட்டு வந்த செய்தியானால் 2020 முதல் ஒரு நேரத்தில் ஒரே ஓர் உரையாடலுக்குத்தான். எனவே ஒருவர் தம் நண்பருக்குத் தம் சொந்த வரியோடு சுட்டியை அனுப்பும்படி செய்வதே பலன் தரும். ‘இந்த மிருதங்கத் தனியைக் கேட்டுப் பார்’ என்று ஒருவர் எழுதினால் மற்றவர் கேட்பார். ‘அனைவரும் வருக’ என்பது எவரையும் குறிப்பிட்டு அழைப்பதில்லை.

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்றவற்றை நான் வாடகை வீடாகத்தான் பார்க்கிறேன். இருக்க வேண்டும், ஆனால் ஆவணங்களை அங்கே மட்டும் வைக்கக் கூடாது. முழு நிகழ்ச்சி அறிக்கையையும் ஐம்பது படங்களையும் ஃபேஸ்புக்கில் போட்டுவிட்டுத் தளத்தைக் காலியாக விட்டிருக்கும் அமைப்புகளைப் பார்க்கும்போது எரிச்சல்தான் வருகிறது. மூன்று மாதம் கழித்து அந்தப் பதிவைப் போட்டவராலேயே அதைத் தேடி எடுக்க முடியாது.

யூடியூபுக்கு மட்டும் சற்று அதிக நேரம் கொடுங்கள், ஏனென்றால் அது ஒரு தேடுபொறியாகவும் இயங்குகிறது. அங்கே ஒரு காணொளி பல ஆண்டுகள் உழைக்கும். மூன்று மணி நேர விழாவை அப்படியே ஏற்றி ‘ஆண்டு விழா, பகுதி 2’ என்று பெயரிடாதீர்கள். உருப்படி உருப்படியாகப் பிரித்து, பாடல், ராகம், கலைஞர் பெயருடன் தலைப்பிடுங்கள். விளக்கத்தின் முதல் இரண்டு வரிக்குள், அந்நிகழ்ச்சிக்கான தளப் பக்கத்தின் சுட்டி வந்துவிட வேண்டும். மீதி ‘மேலும்’ என்பதற்குள் மறைந்துபோகும். ஷார்ட்ஸ் எனப்படும் குறுங்காணொளிகளின் விளக்கத்திலும் பின்னூட்டத்திலும் உள்ள சுட்டிகளை 2023 ஆகஸ்ட் இறுதியிலிருந்து சொடுக்க முடியாது. அவை பெயரைப் பரப்பும், தளத்துக்கு ஆள் அனுப்பாது. எதற்கு எவ்வளவு உழைப்பு என்று முடிவு செய்யும்போது இதை நினைவில் வையுங்கள்.

இனி, அமைப்புகள் கேட்டதும் முகம் சுளிக்கும் யோசனை ஒன்று. உங்களிடம் இருப்பதைத் தாராளமாகக் கொடுங்கள். படங்களின் நடுவே பெரிய நீர்முத்திரை (வாட்டர்மார்க்) குத்துவது, வலச்சொடுக்கைத் தடுப்பது, பாடல் வரிகளை நகலெடுக்க முடியாதபடி பூட்டுவது என்று எத்தனை தடுப்பு! திருடுபவர் எப்படியும் திரைப்பிடிப்பு எடுத்துக்கொள்வார். முறையாகப் பெயர் குறிப்பிட்டுப் பயன்படுத்த நினைப்பவர்தான் விலகிப் போகிறார்.

ஆம்ஸ்டர்டாமில் உள்ள ரைக்ஸ் அருங்காட்சியகம் இதைத் தன் அனுபவத்தில் கண்டது. டச்சு ஓவியர் வெர்மீர் வரைந்த ‘பால் ஊற்றும் பெண்’ ஓவியம் அங்கே இருக்கிறது. அதன் தரமற்ற, மஞ்சள் பாய்ந்த நகல்கள் இணையமெங்கும் பரவிக் கிடந்தன. அருங்காட்சியகக் கடையில் விற்ற அஞ்சலட்டையில் சரியான நிறம் இருந்தும், அதுதான் தப்பு என்று மக்கள் நினைத்தார்கள். மஞ்சள் நகல்களைத் துரத்திக்கொண்டிருப்பதை விட்டு, உயர்தரப் படங்களைத் தாங்களே இலவசமாகக் கொடுப்பது என்று முடிவெடுத்தார்கள். 2012-இல் ரைக்ஸ்ஸ்டூடியோ என்ற பெயரில் 1,25,000 படைப்புகளின் படங்களை யார் வேண்டுமானாலும் பதிவிறக்கலாம் என்று திறந்துவிட்டார்கள். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017 பிப்ரவரியில், உரிமைக் காலம் முடிந்த படைப்புகளின் 3,75,000 படங்களை எந்த நிபந்தனையும் இல்லாமல் வெளியிட்டது.

உங்களிடம் வெர்மீர் இருக்காது. ஆனால் ஒரு மூத்த கலைஞரின் நல்ல படம் இருக்கும்; அவரைப் பற்றிய விக்கிப்பீடியா கட்டுரையில் படமே இருக்காது. எடுத்தவர் உங்கள் ஆளாக இருந்து, எழுத்தில் அனுமதியும் கொடுத்தால், அந்தப் படத்தை, விக்கிப்பீடியாவுக்கான படக் கிடங்கான விக்கிமீடியா காமன்ஸில், பிறர் பயன்படுத்த முன்கூட்டியே அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் ஏற்றுங்கள். பெயர் குறிப்பிட வேண்டும் என்று நிபந்தனை வைக்கலாம். வணிகப் பயன்பாடு கூடாது என்று மட்டும் அங்கே நிபந்தனை வைக்க முடியாது. படத்தின் விவரப் பக்கத்தில் மூலம் என்று உங்கள் தளத்தின் பெயர் இருக்கும். அந்தப் படத்தை எடுத்தாள்கிற ஒவ்வொரு பத்திரிகையும் அந்தப் பெயரைக் காணும்.

விக்கிப்பீடியாவில் உங்கள் அமைப்பைப் பற்றி நீங்களே கட்டுரை எழுத முயல வேண்டாம். கட்டுரைக்குக் கட்டுரை உங்கள் தளச் சுட்டியைச் சொருகவும் வேண்டாம். தன்னலம் சார்ந்த தொகுப்புகளை அங்குள்ளவர்கள் எளிதில் கண்டுபிடித்து நீக்கிவிடுவார்கள். தேடுபொறிகள் பின்தொடர வேண்டாம் என்ற குறிப்பு, ஆங்கில விக்கிப்பீடியாவின் வெளிச்சுட்டிகளில் 2007 முதலே ஒட்டப்பட்டிருக்கிறது. அதனால் தரவரிசையில் பெரிய ஆதாயம் இராது; கெட்ட பெயர்தான் மிச்சம்.

நல்ல சுட்டி கிடைக்கும் இடங்கள் உங்களைச் சுற்றியே இருக்கின்றன. உங்கள் மேடையில் ஏறிய கலைஞர்களுக்குச் சொந்தத் தளம் இருக்கும். அரங்கத்துக்குத் தளம் இருக்கும். ஆசிரியர்கள் பணிபுரியும் கல்லூரி, நூலகம், நிதி உதவிய அறக்கட்டளை, நிகழ்ச்சியை விமர்சித்த பத்திரிகை என்று வரிசையாக உண்டு. நிகழ்ச்சி முடிந்த இரண்டு நாளுக்குள், அவர்களுக்கென்று தேர்ந்தெடுத்த நாலு படங்களோடு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: ‘படங்களைத் தாராளமாகப் பயன்படுத்தலாம், நிகழ்ச்சியின் முழு விவரம் இந்தப் பக்கத்தில் இருக்கிறது.’ கலைஞருக்கு நல்ல படம் எப்போதும் தேவை. சுட்டி தானாக வரும். வராவிட்டாலும் நட்பு வரும்.

மின்னஞ்சல் பட்டியலைப் பழங்கால வழக்கம் என்று ஒதுக்காதீர்கள். அது ஒன்றுதான் எந்த நிறுவனத்தின் தயவும் இன்றி உங்கள் கையில் இருக்கும். விருப்பம் தெரிவித்தவர்களை மட்டும் சேருங்கள். விழா வாசலில் வருகைப் பதிவேட்டில் எழுதிய அத்தனை பேரையும் கேட்காமல் சேர்ப்பது பிழை. 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலும் யாகூவும் மொத்தமாக மடல் அனுப்புபவர்களுக்கான விதிகளை இறுக்கியிருக்கின்றன: அனுப்புநர் உண்மையானவர்தானா என்று சரிபார்க்கும் பதிவுகள் டொமைனில், அதாவது உங்கள் தளத்தின் முகவரிப் பெயரில், இருக்க வேண்டும், நாளுக்கு ஐயாயிரம் மடல் அனுப்பும் அளவுக்குப் பெரியவர்கள், ஒரே சொடுக்கில் விலகும் வசதியும் தர வேண்டும். சிறிய அமைப்புக்கும் இவற்றைச் செய்துவைப்பதே நல்லது. செயலாளரின் சொந்த ஜிமெயிலிலிருந்து முந்நூறு பேரை ஒரே மடலில் சேர்த்து அனுப்பினால் குப்பைப் பெட்டிக்குத்தான் போகும். முந்நூறு பேரின் முகவரியும் எல்லோருக்கும் தெரிந்துவிடும் சங்கடம் வேறு.

பணம் செலவழிப்பதைப் பற்றிக் கேட்டீர்கள். பதிவு பெற்ற, இலாப நோக்கற்ற அமைப்பா? அப்படியானால் ஃபேஸ்புக்கைத் தொடும் முன் கூகுள் ஆட் கிராண்ட்ஸ் திட்டத்தில் உங்களுக்குத் தகுதி உண்டா என்று பாருங்கள். தகுதி பெற்ற அமைப்புகளுக்கு மாதம் 10,000 அமெரிக்க டாலர் வரை தேடல் விளம்பரங்களை இலவசமாகக் கொடுக்கிறார்கள். 2003 முதல் நடக்கும் திட்டம். எல்லா நாட்டிலும் கிடையாது. அரசு அமைப்புகள், மருத்துவமனைகள், பள்ளி கல்லூரிகள் சேர முடியாது. நிபந்தனைகளும் கறாரானவை. விளம்பரத்தைப் பார்த்தவர்களில் மாதத்துக்கு 5 விழுக்காட்டினராவது சொடுக்க வேண்டும். ஒற்றைச் சொல்லுக்கு விளம்பரம் கொடுப்பதற்குப் பொதுவாக அனுமதி இல்லை. ‘இசை’ என்று போட முடியாது, ‘பெரியவர்களுக்கு வீணை வகுப்பு’ என்று போடலாம். இதுவும் நான் மேலே சொன்ன இடத்துக்கே கொண்டுவந்து விடுகிறது: அந்தத் தேடலுக்குப் பொருத்தமான தனிப் பக்கம் இல்லாவிட்டால் சொடுக்கியவர் வந்த வேகத்தில் திரும்பிவிடுவார்.

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமில் கட்டண விளம்பரம் ஒரு தருணத்தில் கைகொடுக்கும்: குறிப்பிட்ட நகரத்தில், குறிப்பிட்ட தேதியில் நிகழ்ச்சி, டிக்கெட் மிச்சம் இருக்கிறது. அப்போது சிறு தொகையை நிகழ்ச்சிப் பக்கத்துக்காகச் செலவிடலாம். அமைப்பின் பெயரைப் பரப்ப என்று பொதுவாகக் கொட்டும் பணம் விருப்பக்குறிகளாக வரும், ஆட்களாக வராது. நிலையான அலுவலகமோ வகுப்பறையோ இருந்தால், அதற்கும் முன்னால் கூகுள் வரைபடத்தில் தோன்றும் பிசினஸ் புரொஃபைலை உங்கள் பெயரில் எடுத்துக்கொள்ளுங்கள். இலவசம். ‘அருகில் நாட்டிய வகுப்பு’ என்று தேடுபவருக்கு முதலில் தெரிவது வரைபடம்தான்.

தளத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்ற எண்ணை மட்டும் செயற்குழுவில் வாசிக்காதீர்கள். சர்ச் கன்சோலில், எந்தச் சொற்களைத் தேடியபோது உங்கள் பக்கம் காட்டப்பட்டது, அவற்றில் எத்தனை பேர் சொடுக்கினார்கள் என்ற பட்டியல் பதினாறு மாதங்களுக்குக் கிடைக்கும். மாதம் ஒருமுறை அதைப் படிப்பது எனக்கு மிகவும் பிடித்த வேலை. நீங்கள் ஒரு வரியில் கடந்துபோன விஷயத்தைப் பலர் தேடிக்கொண்டிருப்பது அதில் தெரியவரும். அடுத்த பக்கத்துக்கான பொருள் அங்கேயே கிடைத்துவிடும். கேள்விக்குத் தேடுபொறியே செயற்கை நுண்ணறிவால் சுருக்க விடை சொல்லிவிடும் காலம் வந்துவிட்டது. பொதுவான தகவலைத் திருப்பி எழுதிய பக்கங்களுக்கு அதனால் வருகை குறையும். உங்கள் மேடையில் நடந்ததன் பதிவு, உங்கள் ஆசிரியரின் விளக்கம், உங்கள் வகுப்பின் நேரம் ஆகியவற்றுக்கு உங்களை விட்டால் வேறு மூலம் இல்லை.

இரண்டு எச்சரிக்கைகள் பாக்கி. கலைஞர்களிடம் ஒப்பந்தம் போடும்போதே, பதிவை எங்கே, எவ்வளவு நேரம் வெளியிடலாம் என்பதை எழுதி வாங்குங்கள். பாடலை இயற்றியவருக்கும் உரிமை இருக்கலாம். வகுப்புக் குழந்தைகளின் படங்களைப் பெற்றோரின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் போடவே வேண்டாம். அனுமதி இருந்தாலும் முழுப்பெயரை அருகில் எழுதாதீர்கள்.

மற்றது டொமைன். அது யார் பெயரில், எந்த மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது என்று இன்றே பாருங்கள். முன்னாள் செயலாளர் ஒருவரின் சொந்தக் கணக்கிலோ, தளம் கட்டிக்கொடுத்தவரின் கணக்கிலோ இருந்தால் அமைப்பின் பெயருக்கு மாற்றுங்கள். புதுப்பிக்கத் தவறினால் வேறொருவர் அதை வாங்கி, நீங்கள் ஆண்டுக்கணக்கில் சேர்த்த சுட்டிகளோடு சூதாட்டத் தளம் நடத்துவார். டாட் ஆர்க் போன்ற பெயர்களை ஒரேயடியாகப் பத்தாண்டு வரை பதிவு செய்யலாம். முதலிடம் பிடித்துத் தருவதாகச் சொன்ன அந்த நிறுவனத்துக்குக் கொடுக்க எடுத்துவைத்த பணத்தில் முதல் செலவாக அதைச் செய்யுங்கள். கடவுச்சொல்லும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்புக்கான எண்ணும் குறைந்தது இரண்டு பொறுப்பாளர்களிடம் இருக்கட்டும். தேர்தலில் நிர்வாகம் மாறும்போது வரவுசெலவுக் கணக்கோடு சேர்த்து இவற்றையும் ஒப்படைக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டுவிடுங்கள்.